மூன்று முறை கேட்க வேண்டும்

1

நெதர்லாந்தின் டென் ஹாக் நகரத்துக்கு வந்து ஐந்து ஆண்டுகள் முடிந்த அன்று, நான் வேலை செய்யும் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். இந்த நாட்டில் கொண்டாடப்படுகிறவர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது என் மேலாளர் மார்லீன் பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. மேட்டுப்பாளையம். தெரியுமா?”

தெரியும் என்றேன். நான் வளர்ந்தது கோவையில், கணபதி என்ற பகுதியில். அங்கிருந்து மேட்டுப்பாளையம் ஒரு பஸ் தூரம்.

“மகேஸ்வரி என்று ஒரு பெண். மண்டியில் வேலை செய்யும் தாய்மார்களுக்காகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாராம். அவருடைய குரல் பதிவைக் கேட்டேன். அருமையான குரல்.”

கேக்கின் அடுத்த துண்டு கோணலாக விழுந்தது. மகேஸ் என் கல்லூரித் தோழி. பீளமேட்டில் நான்கு ஆண்டுகள் ஒரே பெஞ்சு. அவள் மேல் எனக்குப் பொறாமை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களில் எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

“தர்மம் பண்றதுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் எதுக்கு கண்ணு?” என்று என் மாமா ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பார். அவருக்கு நான் சொல்லும் விடை இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அறக்கட்டளைகளுக்கு எண்கள் என்றால் உயிர். கொடுத்த பணத்தில் எத்தனை குழந்தைகள், எத்தனை கழிப்பறைகள், எத்தனை சதவீதம் முன்னேற்றம்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை வர வேண்டும். அந்த அறிக்கைகளைத் திரையில் வண்ணப் பட்டைகளாகக் காட்டும் மென்பொருளை எழுதத்தான் என்னை எடுத்தார்கள். நன்றாகவே எழுதினேன். பச்சைப் பட்டை ஏறினால் பணம் தொடரும், சிவப்பு வந்தால் கேள்வி வரும்.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. நீண்ட விண்ணப்பம் வேண்டாம், கைபேசியில் பேசி அனுப்பினால் போதும். இந்தப் பொருளுக்கு மட்டும் என்று கட்டிப்போடாமல், சில ஆண்டுகளுக்கான பணத்தைச் சேர்த்துக் கொடுத்து, செலவை அவர்கள் முடிவுக்கே விட்டுவிடலாம். அமைப்பை நடத்துகிறவர் சொல்வதோடு நிற்காமல், பயன் பெறுகிறவர்களிடம் நேராகக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்குக் கொடுப்பது என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் தீர்மானிக்கக் கூடாது. நிதி பெறும் அமைப்புகளிலிருந்தே ஆட்களை அழைத்துக் குழு அமைத்து, அந்தக் குழு தீர்மானிக்கட்டும்.

எல்லாமே நியாயம். கூட்டங்களில் நானும் தலையாட்டினேன். ஆனால் நான் குறிவைத்திருந்தது நிதி அலுவலர் பதவி. பட்டைகளை வரைபவளாகவே இருந்துவிடாமல், ஒரு நாள் மேசையில் உட்கார்ந்து ‘இவர்களுக்குக் கொடுக்கலாம்’ என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. புதிய முறையில் அந்தப் பதவியே போய்விட்டது. ஆறுதலாகக் குழுவில் ஊழியருக்கென்று ஒரே ஒரு நாற்காலி வைத்தார்கள். அதற்கு என் பெயரைச் சொல்வதாக மார்லீன் வாக்குக் கொடுத்திருந்தார். மற்ற நாற்காலிகள் இந்த ஆண்டு புதிதாக நிதி பெறுகிறவர்களுக்கு.

அதாவது, மகேஸின் விண்ணப்பம் தேறினால் அவளும் அங்கே உட்காரலாம்.

3

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் நீலகிரியிலிருந்து இறங்கி விடிவதற்கு முன்பே ஏலத்துக்குத் தயாராக வேண்டும். மூட்டையைப் பிரித்து, சொத்தையைக் கழித்து, தரம் பார்த்துக் குவிப்பது பெண்கள். அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் எந்தப் பால்வாடியும் திறந்திருக்காது. குழந்தைகள் சாக்கு மேல் தூங்கின, லாரிகளுக்கு நடுவில். மகேஸ் மண்டிக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அதிகாலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தாள். அவ்வளவுதான் அவளுடைய அமைப்பு. பீளமேட்டிலேயே ஐ.டி. வேலை கிடைத்திருந்தது, அதை விட்டுவிட்டுத்தான் இது.

கோவையில் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் கதவைத் திறப்பதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள் என்று அவள் ஒரு முறை போனில் சொன்னாள். “பொருளா கேளு, தருவாங்க. ஆள் சம்பளம்னா மூஞ்சி மாறிப்போயிரும். போன வருசம் டிஜிட்டல்னாங்க, எட்டு டேப்லெட் வந்துது. மூணு வயசுக் கொழந்தைக்கு டேப்லெட்டு! நக்கிப் பாக்குதுக. இந்த வருசம் பசுமையாமா. ஆயாவுக்குச் சம்பளம் குடுத்துட்டிருந்த கம்பெனி மரம் நடப் போயிருச்சு. பேசாம ஆயா கையில ஒரு செடியக் குடுத்து நிக்க வெச்சுப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா புள்ள?”

நான் சிரித்தேன். எங்கள் அறக்கட்டளை இந்தியாவுக்கும் கொடுக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் எங்களுக்கு விண்ணப்பித்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டியல் போட்டால்தான் எதுவும் எனக்குள் அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறாமைக்கான காரணங்களை எழுதிப் பார்த்தேன். அவளுடைய கைபேசியில் காலையில் வரும் முதல் அழைப்பு அவள் தேவைப்படுகிற யாரோ ஒருவருடையது. எனக்கு வருவது நாட்காட்டியின் நினைவூட்டல். நான் கற்றது பழசாகும் அதே வேகத்தில் அவள் செய்தது புதுசாகிறது. பிறகு என் அம்மா. “மகேசப் பேப்பர்ல போட்டிருக்கான் கண்ணு. நம்ம தீபாகூடப் படிச்ச புள்ளதானுங்கன்னு எல்லாருத்துகிட்டயும் சொன்னனாக்கும்.” முன்பெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் மகள் என்று என்னை வைத்துத்தான் அம்மா பேச்சை ஆரம்பிப்பார். இப்போது மகேஸை அடையாளம் காட்டுவதற்கு நான் பயன்படுகிறேன்.

பட்டியலில் எழுதாத ஒன்றும் உண்டு. மகேஸின் அப்பாவும் அம்மாவும் என் பெரிய மாமாவின் பாக்குத் தோப்பில் கூலிக்குப் போனவர்கள். மாமாவின் வீட்டு வளவுக்குள் அவர்கள் எதுவரை வரலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எங்களைப் பார்த்து அவர்கள் பொறாமைப்படலாம் என்பதற்குத்தான் எங்கள் வீட்டில் என்னைத் தயார்ப்படுத்தியிருந்தார்கள். இது தலைகீழாகவும் வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

4

நடந்ததைச் சொல்வதற்கு முன் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் போகிற இடமெல்லாம் பசியோடு திரும்பினேன். உடன் வேலை செய்பவர் வீட்டுக்குப் போனால் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டுவார். “வேண்டாம், நன்றி” என்பேன். டப்பா மூடிக்கொள்ளும். கொடுத்தவர் மேல் தப்பில்லை. வேண்டாம் என்றவளை வற்புறுத்துவது இங்கே அவமரியாதை. குடியுரிமைக்கான மொழித் தேர்வில்கூட இப்படி ஒரு கேள்வி வந்தது: காபி வேண்டுமா என்று ஒருவர் கேட்கிறார், பதில் சொல்லுங்கள். நான் பழக்க தோஷத்தில் “இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன், பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம்” என்று நாலு வரி பேசினேன். தேர்வாளர் கடைசியில் ஆம் என்றா இல்லை என்றா குறித்துக்கொள்வது என்று கேட்டார்.

கோவையில் ‘வேண்டாமுங்க’ என்பது பேச்சின் ஆரம்பம். வீட்டுக்கு வந்தவர், “இப்பத்தானுங்க உண்டுபோட்டு வந்தனுங்க” என்பார். “அதெல்லாம் இருக்கட்டுமுங்க, ரெண்டு வாய் உண்டுபோட்டுப் போங்க” என்று அம்மா இலையைப் போடுவார். “அய்யோ, போதுமுங்க” என்பார் வந்தவர். அப்புறமும் கேட்பார் அம்மா. முதல் வேண்டாம் மரியாதை. இரண்டாவது கூச்சம். மூன்றாவதைத்தான் வயிறு சொல்லும். முதல் தடவையே சரி என்பவரைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

என் மகள் யாழினிக்கு மூன்று வயது. இங்குள்ள காப்பகத்தில் வளர்கிறாள். “இன்னொரு தோசை கண்ணு?” என்று கேட்டேன் ஒரு நாள். இல்லை என்றாள். வழக்கம்போல “பாதியாவது?” என்றேன். கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டச்சு மொழியில், மிகப் பொறுமையாக, “அம்மா, நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்” என்றாள்.

5

மண்டிப் பெண்களோடு காணொளி உரையாடல் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. எங்களுக்குக் காலை, அவர்களுக்கு வேலை முடிந்த மதியம். மகேஸ் என் தோழி என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். விதி தெளிவானது: தொடர்புள்ள ஊழியர் அந்த விண்ணப்பத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கருவிகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே என் மடிக்கணினியின் ஒலிவாங்கியை அடைத்துவிட்டு அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு விதி மகேஸுக்கு. பயனாளிகள் பயமில்லாமல் பேச வேண்டும் என்பதற்காக, அமைப்பை நடத்துகிறவர் அறையில் இருக்கக் கூடாது. திரையில் திறந்திருந்த கதவு வழியாக அவளைப் பார்த்தேன். வெளியே வெயிலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே ராசாத்தி, சரசு என்று இரண்டு பெண்கள் முன்வரிசையில். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். ராசாத்தியின் மடியில் ஒரு குழந்தை. மொழிபெயர்ப்பாளர் லண்டனில் இருக்கும் சென்னைக்காரர், கண்ணியமான மனிதர். மார்லீன் ஆங்கிலத்தில் கேட்டார்: “காப்பகத்தில் உங்களுக்கு இன்னும் என்ன தேவை? தயங்காமல் சொல்லுங்கள்.”

மொழிபெயர்ப்பாளர் கேட்டதும் ராசாத்தி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஒண்ணும் வேண்டாமுங்க. நல்லாத்தானுங்க பாத்துக்கறாங்க. இருக்கறதே போதுமுங்க.”

“ஆமாங்க, போதுமுங்க” என்றார் சரசு.

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் மாற்றவில்லை. இவர்களுக்கு எதுவும் தேவையில்லை, இருப்பதே போதும் என்கிறார்கள் என்றார். மார்லீனின் முகம் மலர்ந்தது. எங்கள் பக்கம் திரும்பி, “திருப்தியாக இருக்கிறார்கள். அழகு. அப்படியானால் இதைவிடத் தேவை அதிகமான இடத்துக்கு நாம் கொடுக்கலாம்” என்றார். விடைபெறுவதற்காகத் திரையைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

எனக்கு மட்டும் தெரிந்தது, அது முதல் சுற்றுப் ‘போதும்’ என்று. ஆயா சம்பளத்துக்கு வழி இல்லை என்பதும் தெரியும். இந்தப் பணம் வராவிட்டால் அந்தக் கதவு திறக்காது என்பதும் தெரியும். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, பேசாமல் இருந்தால் போதும். விதியும் அதைத்தான் கேட்டது. என் நாற்காலி எனக்குக் கிடைக்கும்; மகேஸ் அந்த மேசைக்கே வர மாட்டாள்; நான் நேர்மையானவள் என்ற பெயரும் நிற்கும். பொறாமைக்கு இவ்வளவு மடிப்புக் கலையாத உடுப்பு வேறெங்கும் கிடைக்காது.

மார்லீன் நன்றி சொல்ல ஆரம்பித்தார். ராசாத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இலையை விட்டு எழுகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. இதை நல்ல மனசு என்று சொல்ல மாட்டேன். வளர்ப்பு.

ஒலிவாங்கியைத் திறந்தேன். “மார்லீன், நான் விதியை மீறுகிறேன். மீறியதாகவே குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னது பதில் இல்லை. இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும்.”

“தேவை இருந்தால் முதல் தடவையே சொல்லலாமே?”

“சொன்னால் பேராசைக்காரி என்று ஆகிவிடும்.”

“சொல்வதை அப்படியே நம்புவது என்று முடிவு செய்திருக்கிறோம், தீபா.”

“நம்புங்கள். மூன்றாவது தடவை சொல்வதை நம்புங்கள்.”

மார்லீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “சரி. கேளுங்கள்.” மொழிபெயர்ப்பாளர், “நீங்களே பேசிவிடுங்களேன், எனக்கும் புரியட்டும்” என்றார்.

“ஏனுங்க அக்கா, ஒரு நிமிசம் உக்காருங்க. நான் கணபதிப் புள்ளைங்க.”

ராசாத்தி திரையை உற்றுப் பார்த்தார். “கணபதியா? அம்மணி, அங்க போயி என்ன பண்றீங்க? உண்டீங்களா?”

“இனித்தானுங்க. அக்கா, இவங்க எலை போட்டு உக்கார வெச்சிருக்காங்க. நீங்க பாட்டுக்குப் போதும்னு எந்திரிச்சா எப்படிங்க?”

“அட, வேண்டாமுங்க அம்மணி. எதுக்குங்க அவியளுக்குச் செரமம்?”

“அவியளுக்கு ஒரு செரமமும் இல்லீங்க. கேக்கறதுதானுங்க அவங்க சோலியே. சொல்லுங்க.”

பின்வரிசையில் யாரோ சரசுவின் முதுகில் இடித்தார்கள். சரசு திரும்பிப் பார்த்து, “நீயே சொல்றது! ஊட்டுல மட்டும் வாய் கிழியுதில்ல” என்றார். சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் ராசாத்தி உட்கார்ந்தார்.

“இல்லீங்க அம்மணி, கொறைன்னு சொன்னா மகேசுக்குக் கெட்ட பேரு வந்துபோடும்னுதான் சொல்லலீங்க. எங்களுக்காவ ஓடற புள்ளைங்க அது.”

அது எனக்குள் எங்கே போய்த் தைத்தது என்று விளக்கத் தேவையில்லை. “வராதுங்க, சொல்லுங்க” என்றேன்.

“காச்ச வந்தா கொழந்தைய உள்ள உடறதில்லீங்க. மத்ததுகளுக்கு ஒட்டிக்குமாமா. நாயந்தானுங்க. ஆனா அன்னைக்கு நான் மண்டிக்குப் போக முடியாதுங்க. ரெண்டு நாள் போகலீன்னா என்ற எடத்துல வேற ஆளு குந்தியிருக்கும். அதுக்குத் தனியா ஒரு ரூமு, பாத்துக்க ஒரு ஆளு இருந்தாத் தேவலைங்க.”

அடைப்பு உடைந்துவிட்டது. ஆயாவுக்கு மாதா மாதம் சம்பளம் வராவிட்டால் அவர் மில் வேலைக்குப் போய்விடுவார் என்றார் ஒருவர். மழைக்காலத்தில் பாய் ஈரமாகிறது என்றார் இன்னொருவர். “மகேசு அதட்டறதக் கொஞ்சம் கொறைக்கோணுமுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “அத உடுங்க, அந்தப் புள்ளைக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வெய்ங்க, அதட்டறதுக்கு ஊட்டுலயே ஆள் கெடைக்கும்” என்றார் சரசு. மொழிபெயர்ப்பாளர் இதையும் கண்ணியமாக மொழிபெயர்த்தார். மார்லீன் பேனாவை எடுத்துக்கொண்டு, “இதை எந்தச் செலவில் சேர்ப்பது?” என்று கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

6

நிதி கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு, நிபந்தனை இல்லாமல்.

மார்லீன் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். இந்த ஊர்க்காரர்கள் சுற்றி வளைக்க மாட்டார்கள். “நீங்கள் செய்தது சரி. அதற்கு நன்றி. ஆனால் விதி மீறல் பதிவாகியிருக்கிறது. குழுவின் ஊழியர் இடத்துக்கு இந்த முறை உங்கள் பெயரைச் சொல்ல முடியாது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரைச் சொல்லியிருக்கிறேன். காபி வேண்டுமா?”

வேண்டும் என்று முதல் தடவையிலேயே சொன்னேன்.

7

அடுத்த வாரம் மகேஸ் கூப்பிட்டாள். வணக்கமோ நலம் விசாரிப்போ இல்லை.

“ஏ தீபா, கணபதிப் புள்ள ஒண்ணு உள்ள பேசுச்சுன்னு ராசாத்தி அக்கா சொல்றாங்க. நீயா?”

“நான்தான்.”

“நெனச்சேன்.” பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. “காச்சக் கொழந்தை சமாச்சாரம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்த ரூல் போட்டவளே நான்தான். இத்தன வருசமா கதவத் தெறக்கறது நானு. யாருன்னே தெரியாத உங்கிட்டச் சொல்லிப்போட்டாங்க.”

“பொறாமையா?”

“பின்ன? இருக்காதா?” என்றாள். சிரித்தாள். “ரெண்டு நாளா ராசாத்தி அக்காகிட்டச் செரியாவே பேசலை. காச்ச ரூமுக்கு எடம் பாத்தாச்சு. ஆனா கோவம் போகலை.”

வருடக்கணக்காக நான் பூட்டி வைத்திருப்பதை அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். பொறாமைப்படுவதைக்கூட அவள் என்னைவிடச் சுலபமாகச் செய்கிறாள்.

“அங்க வாரேன் தெரியுமல்ல? குழுவுல போட்டிருக்காங்க. குளுருமா?”

“நல்லாவே குளிரும்.”

“உன்ற ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்து வெய்யி. நான் ஒரு வாரத்துக்காக வாங்க மாட்டேன்.”

சரி என்றேன். நல்லதாக ஒன்றும், கொஞ்சம் பழையதாக ஒன்றும் எடுத்து வைத்தேன். எதைக் கொடுப்பது என்று இதை எழுதும் வரை முடிவு செய்யவில்லை.

இன்று மதியம், குழு கூடும் அறையைத் தயார் செய்ய என்னைத்தான் அனுப்பினார்கள். நீள்வட்ட மேசை. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பெயர்ப் பலகை, ஓர் ஒலிவாங்கி. வரிசையாகச் சோதித்துக்கொண்டு வந்தேன். மகேஸ்வரி என்று எழுதிய இடத்தில், நின்றபடி சோதித்தாலே போதும் என்றாலும், உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முகமும் தெரியும் என்பதைக் கவனித்தேன். “இவர்களுக்குக் கொடுக்கலாம்” என்று ஒலிவாங்கியில் சொல்லிப் பார்த்தேன். தமிழில்தான். அறையில் யாருமில்லை. குரல் தெளிவாகக் கேட்டது.

மகேஸ் என்னைவிடக் கொஞ்சம் குள்ளம். ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேராக இறக்கி வைத்துவிட்டு எழுந்தேன்.